டோக் டே ஆஃப்டர்நூன்: ஒரு வங்கிக் கொள்ளைத் திரைப்படத்தின் சாதனையும் எல்லையும்

1

குற்றத்தைப் பொருளாகக் கொண்ட திரைப்படங்களை வெறும் பொழுதுபோக்குச் சரக்கு எனக் கூறி ஒதுக்கிவிடும் போக்கு முற்போக்கு விமரிசகரிடையே நெடுங்காலமாக இருந்து வருகின்றது. இப்போக்கு முற்றிலும் ஏற்புடையதன்று. ஒரு சமூகம் எதனைக் குற்றமெனக் கொள்கின்றது, குற்றவாளியை எவ்வாறு கற்பனை செய்கின்றது என்பனவற்றிலிருந்து அச்சமூகத்தின் சொத்துறவுகளைப் பற்றி நாம் அறிந்துகொள்ளக்கூடியவை பல. அவ்வகையில் வங்கிக் கொள்ளைப் படங்கள் தனித்து நோக்கப்பட வேண்டியவை. கொலையைப் பற்றிய படமொன்றுக்குத் தனிமனிதரின் மனவிகாரமே போதிய விளக்கமாகிவிடலாம். வங்கியைக் கொள்ளையிடுவோனோ பணம் குவிந்துள்ள இடத்தை நாடிச் செல்கின்றான். அப்பணம் யாருடையது, அங்கு எவ்வாறு குவிந்தது என்ற வினாக்கள், படத்தை ஆக்கியோர் விரும்பினும் விரும்பாவிடினும், கதையின் பின்னே காத்து நிற்கின்றன. வங்கியைக் கொள்ளையிடுவோனையும் வங்கியை நிறுவுவோனையும் ஒரே தராசில் வைத்து நோக்கிய பேட்டோல்ற் பிரெக்ற் இவ்வினாக்களின் கூர்மையை நன்குணர்ந்திருந்தார்.

எனினும் ஹொலிவூட் மரபு இவ்வினாக்களைத் தவிர்ப்பதற்கு இரு வழிகளைக் கண்டுகொண்டது. ஒன்று, கொள்ளையைத் தொழில்நுட்பச் சாதனையாகக் காட்டுவது. திட்டம் தீட்டுதல், ஆட்களைச் சேர்த்தல், நேரத்தைக் கணித்தல், பூட்டைத் திறத்தல் என்பனவற்றில் பார்வையாளரின் கவனம் முழுவதும் செலுத்தப்படுகின்றது. நகைக் கொள்ளையொன்றைச் சித்திரித்த ஜோன் ஹுஸ்ரனின் 'தி அஸ்போல்ற் ஜங்கிள்' (1950) முதல் மைக்கல் மானின் 'ஹீற்' (1995) வரை இம்மரபு தொடர்ந்துள்ளது. மற்றையது, கொள்ளையனை அழகும் துணிவும் மிக்க நாயகனாக்கி, அவனது காதலையும் சாவையும் காவியப்படுத்துவது. ஆதர் பென்னின் 'பொனி அன்ட் கிளைட்' (1967) இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. முன்னதில் திறமை நம்மை மயக்குகின்றது. பின்னதில் அழகு மயக்குகின்றது. இரண்டிலும் வங்கி ஒரு கட்டடமாக மட்டுமே எஞ்சுகின்றது.

சிட்னி லுமெற் நெறிப்படுத்தி 1975 செப்டெம்பரில் வெளிவந்த 'டோக் டே ஆஃப்டர்நூன்' இவ்விரு வழிகளையும் மறுத்த படமாகும். அம்மறுப்பிலேயே அதன் சாதனை தங்கியுள்ளது. ஆயினும், மறுத்த பின்னர் இயல்பாக எழ வேண்டிய வினாவை, அதாவது வங்கி என்பது யாது என்ற வினாவை, அது வாசல் வரை கொண்டுவந்து அங்கேயே விட்டுவிடுகின்றது. அச்சாதனையையும் எல்லையையும் ஒருங்கே ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

படத்துக்கு ஆதாரமான நிகழ்ச்சி 1972 ஓகஸ்ற் 22ஆம் திகதி நியூ யோர்க் நகரின் புறூக்ளின் பகுதியில் நிகழ்ந்தது. ஜோன் வொய்ற்றோவிச் என்னும் முன்னாள் வியற்நாம் போர்வீரரும், சல்வற்றோர் நற்றுறாலே என்னும் பதினெட்டு வயது இளைஞரும் சேஸ் மன்ஹற்றன் வங்கியின் கிளையொன்றிற் புகுந்து, அங்குள்ள ஊழியரைப் பல மணி நேரம் பணயமாக வைத்திருந்தனர். முடிவில் கெனடி விமான நிலையத்தில் நற்றுறாலே சுட்டுக் கொல்லப்பட்டார். வொய்ற்றோவிச் கைது செய்யப்பட்டார். அவ்வாண்டே 'லைஃப்' சஞ்சிகையில் பி. எஃப். குளூஜ், தோமஸ் மூர் ஆகிய இருவரும் இந்நிகழ்ச்சி பற்றி எழுதிய கட்டுரையை ஆதாரமாகக் கொண்டு ஃபிராங்க் பியர்சன் திரைச்சுவடியை ஆக்கினார். ஆறு ஒஸ்கார் விருதுகளுக்குப் பிரேரிக்கப்பட்ட இப்படம் மூலத் திரைச்சுவடிக்கான விருதினைப் பெற்றது.

படத்தின் கதை எளிமையானது. கடுங்கோடையின் பிற்பகலொன்றில் சொனி (அல் பசீனோ), சல் (ஜோன் கசால்), இன்னுமொரு இளைஞன் ஆகிய மூவர் வங்கியினுள் நுழைகின்றனர். மூன்றாமவன் தொடக்கத்திலேயே மனந்தளர்ந்து வெளியேறிவிடுகின்றான். மோட்டார் வண்டியை எடுத்துச் செல்லாமல் சுரங்க இரயிலில் வீடு செல்லுமாறு அவனிடம் சொனி கூற வேண்டியுள்ளது. பெட்டகத்திலிருந்த பணம் ஏற்கெனவே எடுத்துச் செல்லப்பட்டுவிட்டது. எஞ்சியிருப்பது 1,100 டொலர் மட்டுமே. பதிவேட்டை எரித்ததனால் எழுந்த புகை வெளியே தெரிகின்றது. பொலிஸார் வீதியை நிறைக்கின்றனர். ஒரு சில நிமிடங்களில் முடிய வேண்டிய கொள்ளை ஓர் இரவு முழுவதும் நீளும் முற்றுகையாகின்றது. கூட்டம் கூடுகின்றது, தொலைக்காட்சி வருகின்றது, சொனி மணம் செய்துகொண்ட திருநங்கையான லியோன் (கிறிஸ் சரண்டன்) அழைத்து வரப்படுகின்றார். லியோனின் பால்மாற்றுச் சிகிச்சைக்குப் பணம் தேடியே சொனி இக்கொள்ளையில் இறங்கினான் என்பது அப்போது தெரிய வருகின்றது. முடிவு உண்மை நிகழ்ச்சியின் முடிவேதான்.

3

இப்படத்தின் சாதனைகளுள் முதலாவதாகக் கூறத்தக்கது, வங்கியை அது ஒரு தொழிற்களமாகக் கண்டமையாகும். பிற கொள்ளைப் படங்களில் வங்கி ஊழியர் தரையிற் கவிழ்ந்து கிடக்கும் உடல்கள். கதைக்கு அவர்கள் தேவைப்படுவதில்லை. இங்கு அவர்களே படத்தின் பெரும்பகுதியை நிரப்புகின்றனர். தலைமைக் காசாளர் சில்வியா, தனக்குக் கீழுள்ள பெண்களை விட்டு வெளியேற வாய்ப்புக் கிடைத்தும் மீண்டும் உள்ளே வருகின்றாள். இன்னொருத்தி சொனியின் துப்பாக்கியை வாங்கிப் படைவீரரைப் போல அணிநடை பயில்கின்றாள். அச்சம் மெல்ல மெல்லச் சலிப்பாகவும், சலிப்பு ஒருவகைத் தோழமையாகவும் மாறுகின்றது. குறைந்த ஊதியத்திற் பணிபுரியும் பெண்களுக்கும், தொழிலற்று அலையும் இளைஞனுக்கும் இடையே உள்ள தூரம் அவர்கள் முன்பு எண்ணியிருந்த அளவுக்குப் பெரிதன்று என்பதைப் படம் எவ்விடத்தும் பிரசங்கம் செய்யாமலே உணர்த்திவிடுகின்றது. சொனி தானும் முன்பு வங்கியிற் பணிபுரிந்தவன் என்பது இதற்கு வலுவூட்டுகின்றது.

இவ்வுணர்வு சொற்களாக வெளிப்படும் இடம் தொலைக்காட்சி நேர்காணற் காட்சியாகும். வங்கியைக் கொள்ளையிடக் காரணம் யாது என்று நிருபர் தொலைபேசியிற் கேட்கின்றார். பணம் தேவை என்பது சொனியின் விடை. வேலை செய்து பிழைக்கலாமே என்ற அறிவுரை வருகின்றது. தொழிற்சங்க அட்டை இல்லாதவனுக்கு வேலை இல்லை, வேலை இல்லாதவனுக்குச் சங்க அட்டை இல்லை என்ற சுழலைச் சொனி எடுத்துக் கூறுகின்றான். சங்கமில்லாத தொழில்கள் உண்டல்லவா என்று கேட்கப்படும்போது, வங்கிக் காசாளருக்குத் தொடக்கத்தில் வாரம் 115 டொலரே கிடைக்கும் என்றும், மனைவியும் இரு பிள்ளைகளும் உள்ள ஒருவன் அதனைக்கொண்டு எவ்வாறு வாழ்வான் என்றும் வினவுகின்றான். பின்னர், தன்னை நேர்காண்பவரின் ஊதியம் எவ்வளவு என்று திருப்பிக் கேட்கின்றான். வினா திசைமாறிய மறுகணமே பேட்டி குழம்புகின்றது. அவனது வசைச்சொல்லைச் சாட்டாக வைத்து ஒளிபரப்பு நிறுத்தப்படுகின்றது. ஊதியம், வேலையின்மை, செய்தி நிறுவனம் ஆகிய மூன்றையும் சில நிமிடங்களுக்குள் ஒரே முடிச்சிற் கட்டிய இக்காட்சிக்கு ஒப்பான பிறிதொன்றை அக்கால அமெரிக்க வணிகத் திரைப்படத்திற் காண்பது அரிது.

இரண்டாவதாக, கூட்டத்தைப் படம் கையாளும் முறை விதந்து கூறத்தக்கது. வரலாற்றாசிரியர் எரிக் ஹொப்ஸ்போம் 1959இலும் 1969இலும் வெளியிட்ட நூல்களில் 'சமூகக் கொள்ளையன்' என்ற கருத்தாக்கத்தை விளக்கினார். அரசு குற்றவாளியெனக் கருதும் ஒருவனைக் கிராமத்து உழவர் தம்மவனாக ஏற்று, உணவும் மறைவிடமும் அளித்துக் காக்கும் நிலையை அது குறிக்கும். சொனி வங்கிக்கு வெளியே வந்து, அற்றிக்காச் சிறையின் பெயரை உரக்கக் கூவும்போது திரண்டிருந்தோர் ஆர்ப்பரிக்கின்றனர். அவன் பணத்தாள்களை வீசும்போது பாய்ந்து பொறுக்குகின்றனர். கணநேரத்துக்கு அவன் சமூகக் கொள்ளையனைப் போலவே தோன்றுகின்றான். ஆனால் இக்கூட்டம் அவனை மறைத்து வைக்கக்கூடிய சமுதாயமன்று. வேடிக்கை பார்க்கத் திரண்ட பார்வையாளர் தொகுதி. பீற்சா கொண்டுவந்த இளைஞன் தான் ஒரு நட்சத்திரமாகிவிட்டதாகக் கூவிக் குதிக்கின்றான். சொனி யாரை நேசிக்கின்றான் என்பது தெரிந்ததும் ஆரவாரத்திற் கேலி கலக்கின்றது. அவனுக்கு ஆதரவாகத் தன்பால் விருப்பினர் அணியொன்றும் முழக்கமிட்டபடி வருகின்றது. பெருநகரில் எதிர்ப்புணர்வு இருந்தும் அதனைத் தாங்கி நிற்கும் அமைப்பு இல்லாதபோது, அது எவ்வளவு விரைவில் காட்சிப்பொருளாகின்றது என்பதை லுமெற் கசப்புணர்வின்றிக் காட்டியுள்ளார்.

மூன்றாவது, உத்திகளின் நேர்மை. தொடக்கத்தில் ஒலிக்கும் எல்ரன் ஜோனின் பாடலைத் தவிர, காட்சிகளுக்கு மெருகூட்டும் பின்னணி இசை ஏதும் இதில் இல்லை. அப்பாடலுடன் வரும் காட்சிகளிற் குப்பையைக் கிளறும் நாய்கள், கடற்கரையில் நெருங்கிக் கிடக்கும் மக்கள், வீதித் தொழிலாளர், இடுகாட்டின் பின்னே எழும் மன்ஹற்றன் கோபுரங்கள் ஆகியன விவரணப் படம் போலத் தொடுக்கப்பட்டுள்ளன. வங்கியின் உட்புறத்துக்கு அங்குள்ள குழல்விளக்குகளின் ஒளியே பெரிதும் பயன்படுத்தப்பட்டது. நடிகர் தமது சொந்த உடைகளையே அணிந்தனர். பல வாரகால ஒத்திகையில் அவர்கள் தாமே புனைந்து பேசிய உரையாடல்கள் சுவடியிற் சேர்க்கப்பட்டன. விக்ரர் கெம்பரின் கமராவும் டீட் அலனின் படத்தொகுப்பும் இவ்வியல்பைக் குலையாமற் காக்கின்றன. 'பொனி அன்ட் கிளைட்' படத்தில் மரணத்தை நடனமாகத் தொகுத்தவரும் டீட் அலனே. அதே கரங்கள் இங்கு சல்லின் மரணத்தை ஒரேயொரு வேட்டொலியில், அலங்காரம் ஏதுமின்றி முடித்துவிடுகின்றன. ஒரே தொகுப்பாளரின் இவ்விரு முடிவுகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடு, இரு படங்களின் உலகநோக்குக்கும் இடையிலுள்ள வேறுபாடாகும்.

நான்காவது, லியோனின் பாத்திரவார்ப்பு. 1975இல் அமெரிக்கத் திரையில் இத்தகைய மனிதர் சிரிப்புக்கோ அருவருப்புக்கோ உரியவராகவே பெரும்பாலும் தோன்றினர். லியோன் வரும்போது பொலிஸார் சிலர் நகைக்கின்றனர். கமரா அந்நகைப்பிற் கலந்துகொள்ளவில்லை. சொனியும் லியோனும் தொலைபேசியில் உரையாடும் நீண்ட காட்சியில், காதலும் சலிப்பும் குற்றவுணர்வும் கொண்ட எந்தத் தம்பதியினதும் பேச்சையே நாம் கேட்கின்றோம். தனது ஆயுட்காப்புறுதிப் பணத்தைப் பங்கிட்டு, லியோனின் சிகிச்சைக்கென ஒரு தொகையைக் குறித்துச் சொனி மரணசாசனம் சொல்லும் காட்சியும் இவ்வகையினதே. வாழ்வில் ஒருவருக்கும் எதுவும் கொடுக்க இயலாதவன் தன் சாவைக் கொண்டேனும் கொடுக்க முயல்கின்றான். காப்புறுதி நிறுவனத்தின் கணக்கில்தான் அவன் உயிருக்கு முதன்முறையாக ஒரு விலை கிடைக்கின்றது என்ற குரூரமான உண்மை அக்காட்சியில் அடங்கியுள்ளது.

4

இப்படத்தைப் பற்றி எழுதப்பட்டவற்றுள் மார்க்சிய விமரிசகர் ஃபிரெட்றிக் ஜேம்சன் 1977இல் வெளியிட்ட கட்டுரை முதன்மையானது. படத்தின் வர்க்க உள்ளடக்கத்தைக் கதாநாயகனிடத்துத் தேடுவதிலும் பார்க்க, அவனைச் சூழ்ந்துள்ள அதிகாரங்களுக்கிடையிலான உறவிலே தேட வேண்டும் என்பது அவரது வாதத்தின் சாரம். வியர்த்து விறுவிறுத்துக் கத்தும் உள்ளூர்ப் பொலிஸ் அதிகாரி மொறெற்றி தேய்ந்து வரும் பழைய அதிகாரத்தையும், சமஷ்டிப் புலனாய்வுப் பணியகத்தைச் சேர்ந்த, உணர்ச்சி படியாத முகமுடைய ஷெல்டன் பல்தேசியக் கூட்டுத்தாபன யுகத்தின் புதிய அதிகாரத்தையும் உருவகப்படுத்துகின்றனர் என அவர் காண்கின்றார்.

இவ்வாசிப்பின் நுண்மையை மறுப்பதற்கில்லை. மொறெற்றியுடன் சொனி வாதிடலாம், சினங்கொள்ளலாம். ஷெல்டனுடன் வாதிடுவதற்கு எதுவுமில்லை. சல்லைத் தாம் பார்த்துக்கொள்வதாக ஷெல்டன் தாழ்ந்த குரலிற் கூறும்போது, ஒரு கொலை அலுவலகக் கோவையிற் பதியப்படுவதைப் போன்ற குளிர்ச்சியை உணர்கின்றோம். தன்னைக் கொல்பவன் தன்மீதுள்ள வெறுப்பினாற் கொல்லட்டும், அது தன் உத்தியோகம் என்பதனாற் கொல்ல வேண்டாம் என்று சொனி ஓரிடத்திற் கூறுவது இக்குளிர்ச்சிக்கு எதிரான குரலேயாகும்.

ஆயினும் ஜேம்சனின் வாசிப்பு, படம் செய்யாத வேலையை விமரிசகர் செய்து முடிப்பதாக அமைந்துவிடும் அபாயம் உண்டு. பல்தேசிய மூலதனத்தை ஓர் அதிகாரியின் முகபாவத்திலிருந்து ஊகித்தறிய வேண்டிய நிலை ஏன் ஏற்பட்டது? அம்மூலதனத்துக்கு மெய்யுலகில் ஒரு பெயர் இருந்தது. அப்பெயர் நிகழ்ச்சியிலேயே இருந்தது. படத்திலேதான் அது நீக்கப்பட்டது. படத்தின் குறைபாடுகளை இவ்விடத்திலிருந்தே நாம் ஆராயத் தொடங்க வேண்டும்.

5

காணப்போவது உண்மை என்றும், அது 1972 ஓகஸ்ற் 22இல் புறூக்ளினில் நிகழ்ந்தது என்றும் கூறிப் படம் தொடங்குகின்றது. ஆனால் வொய்ற்றோவிச் கொள்ளையிட்ட சேஸ் மன்ஹற்றன் வங்கி, படத்தில் 'ஃபர்ஸ்ற் புறூக்ளின் சேவிங்ஸ் பாங்' என்னும் பெயரைப் பெறுகின்றது. சட்டச் சிக்கலைத் தவிர்க்கச் செய்யப்பட்ட சிறு மாற்றமென இதனைக் கருதலாம்; பாத்திரங்களின் பெயர்களும் மாற்றப்பட்டுள்ளன. ஆயின் இம்மாற்றத்தின் விளைவு சிறிதன்று. சேஸ் மன்ஹற்றன் உலகின் மிகப் பெரிய வங்கிகளுள் ஒன்று. அதன் தலைவராக அப்போது விளங்கியவர் டேவிட் றொக்கபெல்லர். அவருடைய தமையனார் நெல்சன் றொக்கபெல்லர் நியூ யோர்க் மாநில ஆளுநர்.

அற்றிக்கா நிகழ்ச்சியை இவ்விடத்து நினைவுகூர்தல் வேண்டும். 1971 செப்டெம்பர் 9ஆம் திகதி அற்றிக்காச் சிறைக் கைதிகள் கிளர்ந்தெழுந்து, சிறை ஊழியரைப் பணயமாக வைத்துத் தம் வாழ்நிலையிற் சீர்திருத்தம் கோரினர். கைதிகள் வேண்டியும் ஆளுநர் நெல்சன் றொக்கபெல்லர் அங்கு செல்ல மறுத்தார். 13ஆம் திகதி அவரது அனுமதியுடன் சிறை ஆயுத பலத்தால் மீட்கப்பட்டது. அத்தாக்குதலில் 29 கைதிகளும் பணயமாயிருந்த 10 பேரும், ஆக 39 பேர், உயிரிழந்தனர். கிளர்ச்சியின்போது மாண்டோர் மொத்தம் 43 பேர்.

ஓராண்டு நிறைவதற்குள் அதே மாநிலத்தில், தம்பியார் தலைமை வகித்த வங்கியில் நிகழ்ந்த பணய முற்றுகையைத் திரையிற் காட்டும்போது, தமையனாரின் ஆணையால் நிகழ்ந்த படுகொலையின் பெயர் வீதியில் முழங்குகின்றது. வங்கிக்கும் சிறைக்கும், சொத்துக்கும் அதனைக் காக்கும் துப்பாக்கிக்கும் உள்ள தொடர்பை ஒரே குடும்பப் பெயரில் எடுத்துக்காட்டக்கூடிய வாய்ப்பை வரலாறே லுமெற்றுக்குக் கொடுத்திருந்தது. வங்கியின் பெயர் மாற்றப்பட்டதும் அத்தொடர்பு அறுந்துபோகின்றது. அற்றிக்கா என்ற சொல் பொலிஸாருக்கு எதிரான முழக்கமாக மட்டும் எஞ்சுகின்றது. வங்கியை நோக்கி அது திரும்பவேயில்லை. அச்சொல் படப்பிடிப்பின்போது உதவி நெறியாளர் ஒருவர் காதில் ஓதியதனால் வந்தது என்று பசீனோ பிற்காலத்திற் கூறியுள்ளார். படத்தின் அரசியல் உச்சம் எனப் போற்றப்படும் கணம் சுவடிக்கு வெளியிலிருந்து வந்தது என்பது கருத்திற் கொள்ளத்தக்கது. அது உள்ளத்தைத் தைக்கின்றது. ஆனால் கதையின் அமைப்பில் அதற்கு வேர் இல்லை.

படம் வெளிவந்த காலச் சூழலும் இக்குறையை மேலும் துலக்குகின்றது. 1975இன் இளவேனிலில் பெருவங்கிகள் நியூ யோர்க் நகரின் கடன்பத்திரங்களை ஏற்றுச் சந்தைப்படுத்த மறுத்தன. மாநகரம் வங்குரோத்தின் விளிம்புக்குச் சென்றது. நகரின் நிதியைக் கண்காணிக்கப் புதிய அமைப்புகள் ஜூனிலும் செப்டெம்பரிலும் ஏற்படுத்தப்பட்டன. மாநகர ஊழியர் ஆயிரக்கணக்கில் வேலை இழந்தனர். நகரப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலமாக நிலவிய இலவசக் கல்வி 1976இல் முடிவுக்கு வந்தது. இதே செப்டெம்பரிலேதான் 'டோக் டே ஆஃப்டர்நூன்' திரைக்கு வந்தது. நெல்சன் றொக்கபெல்லர் அவ்வேளை ஐக்கிய அமெரிக்காவின் உப சனாதிபதி. எட்டுப் பத்து ஊழியரைப் பணயமாக வைத்த இருவரின் கதையை மக்கள் திரையிற் கண்ட காலத்தில், கடன் கொடுத்தோர் ஒரு மாநகரின் வாழ்வையே பணயமாகக் கொண்டிருந்தனர். 1974 இலையுதிர் காலத்திற் படமாக்கப்பட்ட ஒன்று அடுத்த ஆண்டின் நெருக்கடியை முன்னறிந்திருக்க வேண்டும் என எதிர்பார்த்தல் நியாயமன்று. ஆனால் வங்கி என்ற நிறுவனத்தைப் பற்றி ஏதேனும் ஒரு பார்வை அதனிடம் இருந்திருப்பின், வரவிருந்த காலத்துடன் அது தானாகவே உரையாடியிருக்கும்.

படத்தினுள்ளே வங்கியை 'என் வங்கி' எனச் சொல்லுபவர் ஒருவரே: நீரிழிவு நோயாளியான கிளை முகாமையாளர் மல்வேனி. தம் உயிருக்கு ஆபத்து நேர்ந்தபோதும் வெளியேற மறுக்கும் அவர் ஊதியம் பெறும் ஊழியரே. உடைமையாளர் எவரும் தோன்றாத இடத்தில், உடைமையுணர்வைச் சுமப்பவர் ஓர் ஊழியராயிருப்பது ஆழ்ந்த முரண். லுமெற் அதனைத் தொடுகின்றார். தொட்டதும் அதனை ஒரு மனிதரின் பிடிவாத குணமாகக் காட்டி அப்பாற் சென்றுவிடுகின்றார்.

இந்நகர்வு படத்தின் பிற்பாதி முழுவதற்கும் பொருந்தும். லியோனின் வருகைக்குப் பின்னர், சொனியின் நெருக்கடி படிப்படியாகக் குடும்பத்தினுள் ஒடுங்குகின்றது. அவன் யார் யாரிடம் நெருக்குண்டான் என்பதே விளக்கமாகின்றது: ஓயாது பேசும் மனைவி ஆஞ்சி, விட்டுக்கொடுக்காத தாய், துயருற்ற லியோன். தொலைக்காட்சிப் பேட்டியில் ஊதியத்தைப் பற்றிக் கேட்ட குரல் மங்கி, தன்னை எல்லாரும் நெருக்குவதாகப் புலம்பும் குரல் ஓங்குகின்றது. ஆஞ்சியின் சித்திரிப்பு மிகவும் குறைபாடுடையது. அவளது பருத்த உடலும் நிறுத்தமில்லாப் பேச்சும் நகைப்புக்குரியனவாக்கப்படுகின்றன. இரு குழந்தைகளுடன் கைவிடப்பட்ட வறிய பெண்ணொருத்தியின் நிலையை அவளுடைய இடத்தில் நின்று நோக்கும் ஒரு கணமேனும் படத்தில் இல்லை. லியோனுக்கு அளிக்கப்பட்ட மதிப்பின் விலையை ஆஞ்சி செலுத்துகின்றாள். ஒடுக்கப்பட்ட ஒரு பிரிவினருக்கு நியாயம் வழங்கும் கலைப்படைப்பு, இன்னொரு பிரிவினரை அதற்குக் கழுவாயாக்குவதை முற்போக்கு எனக் கொள்ள முடியாது.

சல்லின் பாத்திரமும் சிந்தனைக்குரியது. கசாலின் நடிப்பு மறக்கவொண்ணாதது. கொலைக்கு ஆயத்தமாயிருப்பவன் புகைப்பிடித்தலின் தீங்கைப் பற்றி ஊழியப் பெண்ணுக்கு அறிவுரை கூறுவதும், எந்த நாட்டுக்குச் செல்ல விருப்பம் எனக் கேட்டதற்குத் தன் நாட்டின் மாநிலங்களுள் ஒன்றான வயோமிங்கின் பெயரைச் சொல்வதும், விமானத்தில் முதன்முறை ஏறவிருப்பவனிடம் பெண்ணொருத்தி தன் செபமாலையைக் கொடுப்பதும் உள்ளத்தை உருக்குவன. ஆனால் உண்மையில் இறந்தவன் பதினெட்டு வயதினன். கசாலோ நாற்பதை நெருங்கியவர். அரசு சுட்டு வீழ்த்தியது ஒரு சிறுவனை என்ற செய்தி இம்மாற்றத்தில் மறைகின்றது. இளமையின் கொலையாக நின்றிருக்க வேண்டியது, விசித்திர மனிதனொருவனின் சோகமாகச் சுருங்குகின்றது.

இனவேறுபாட்டைப் பற்றிய பார்வையிலும் இவ்வாறான தொடக்கமும் துண்டிப்பும் உள்ளன. மூச்சிரைப்பு நோயினால் விடுவிக்கப்படும் கறுப்பினக் காவலாளி வாசலைத் தாண்டியதும், பொலிஸார் அவரையே கொள்ளையனாகக் கொண்டு பாய்கின்றனர். ஒரு சில கணங்களில் ஒரு சமூகத்தின் நோய் முழுவதும் வெளிப்பட்டுவிடுகின்றது. அதன் பின் அம்மனிதர் கதையிலிருந்து மறைந்துவிடுகின்றார். அற்றிக்காவில் மாண்ட கைதிகளுட் பெரும்பாலோர் கறுப்பினத்தவரும் புவேட்டோ ரிக்கரும் என்பதை நினைவிற் கொண்டால், இம்மறைவு தற்செயலானதாகத் தோன்றவில்லை.

6

படத்துக்கு வெளியே நிகழ்ந்தவையும் அதன் பொருளிற் பங்குடையன. தமது கதையின் உரிமைக்காக வொய்ற்றோவிச் பெற்றது 7,500 டொலரும், நிகர இலாபத்தில் ஒரு வீதமுமாகும். படம் அமெரிக்காவில் ஏறத்தாழ 5 கோடி டொலர் வசூலித்தது. சிறையிலிருந்து அவர் எழுதிய மடலில், படத்தில் முப்பது வீதமே உண்மையெனக் குறிப்பிட்டதோடு, தம் மனைவி காட்டப்பட்ட விதத்தையும் கண்டித்திருந்தார். கொள்ளையடித்தவனின் வாழ்வு சட்டபூர்வமான ஒப்பந்தத்தின் மூலம் மலிந்த விலைக்கு வாங்கப்பட்டுப் பண்டமாயிற்று. வங்கியிற் பெறத் தவறிய பணத்தின் பன்மடங்கு அவன் கதையிலிருந்து பிறரால் ஈட்டப்பட்டது.

பிரெஞ்சுக் கலைஞர் பியர் உய்க் 2000ஆம் ஆண்டளவில் ஆக்கிய 'தி தேட் மெமரி' என்ற ஒளிப்பேழைப் படைப்பில், முதுமையுற்ற வொய்ற்றோவிச் அரங்கமைப்பொன்றினுள் நின்று அன்றைய நிகழ்ச்சியை மீண்டும் நடத்திக் காட்டுகின்றார். தம் வரலாற்றைத் திரைப்படத்திடமிருந்து மீட்பது அவர் நோக்கம். ஆனால் அவரது அசைவுகளிலும் நினைவுகளிலும் பசீனோ கலந்துவிட்டதைக் காண்கின்றோம். கொள்ளைக்குப் புறப்படுமுன்னர் தாமும் தோழர்களும், அதே பசீனோ நடித்த 'தி கோட்ஃபாதர்' படத்தைப் பார்த்ததாகவும் அவர் கூறியுள்ளார். திரைப்படம் அவர் செயலுக்கு முன்னும் இருந்தது, பின்னும் இருந்தது. 2006இல் வொய்ற்றோவிச் காலமானார். அவருடைய சொந்த நினைவுக்குக்கூட உரிமையாளர் பிறராயினர் என்பதே இப்படத்தின் வரலாற்றிலுள்ள மிகத் துயரமான பகுதி எனலாம்.

7

இயற்பண்புவாதத்துக்கும் யதார்த்தவாதத்துக்கும் உள்ள வேறுபாடு நம் இலக்கிய விமரிசனத்தில் நன்கு விவாதிக்கப்பட்டதொன்றாகும். வாழ்வின் மேற்பரப்பை வழுவின்றிப் படம்பிடிப்பது முன்னது. அம்மேற்பரப்பை இயக்கும் உறவுகளை மாந்தரின் ஊழினூடாக வெளிக்கொணர்வது பின்னது. 'டோக் டே ஆஃப்டர்நூன்' இயற்பண்புவாதத்தின் ஆற்றலை அதன் உச்சநிலையிற் பயன்படுத்திய படம். வியர்வை, புழுக்கம், சலிப்பு, குழல்விளக்கின் வெளிறிய ஒளி, தொலைபேசியின் இடைவிடாத மணியோசை ஆகிய யாவும் மெய்யாயுள்ளன. மனிதர் மெய்யாயுள்ளனர். அவர்கள் அடைபட்டுள்ள வங்கி மட்டும் மெய்யாகவில்லை. பன்னிரண்டு சான்றாளரை ஓர் அறையில் அடைத்து நீதியமைப்பை விசாரணை செய்த '12 அங்கிரி மென்' (1957) படத்தின் நெறியாளருக்கு, வங்கி ஊழியரை ஒரு கிளையில் அடைத்து நிதியமைப்பை விசாரணை செய்ய இயலாது போயிற்று. அடுத்த ஆண்டில் வெளிவந்த 'நெற்வேர்க்' படத்திலேதான் நிறுவனம் தன் குரலிற் பேசுவதை அவர் காட்டினார்.

இக்குறைபாடுகளைக் காட்டி இப்படத்தை நிராகரிப்பது விமரிசனமாகாது. அற்றிக்கா என்ற ஒரு முழக்கத்தை வைத்து அதனைப் புரட்சிப் படமெனக் கொண்டாடுவதும் அவ்வாறே. விமான நிலையத்தின் இறுதிக் காட்சியை நோக்குவோம். விடுதலை பெற்ற ஊழியர் ஒருவரையொருவர் தழுவியபடி அகல்கின்றனர். வண்டியின்மேற் சாய்த்துப் பிடிக்கப்பட்டுள்ள சொனி அவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கின்றான். சல்லின் உடல் அவனைக் கடந்து செல்கின்றது. சட்டம் அவனுக்கு அளிக்கும் உரிமைகளை ஓர் அதிகாரி ஒப்புவிக்கின்றார். விமானங்களின் இரைச்சல் சொற்களை விழுங்குகின்றது. ஓர் இரவு முழுவதும் ஒரே கூரையின் கீழ் ஒருவரையொருவர் அறிந்துகொண்டவர்கள் மறுபடியும் காசாளராகவும் கைதியாகவும் பிரிக்கப்படுகின்றனர். மறுவாரம் அப்பெண்கள் அதே வாரம் 115 டொலர் ஊதியத்துக்கு அதே கருமபீடத்தின் பின் அமர்வர். இதனைப் படம் சொல்லவில்லை. ஆனால் நாம் எண்ணிப் பார்க்குமாறு செய்துவிட்டது. அவ்வளவில் அது பெரிய படம். அதனைச் சொல்லியிருப்பின் மகத்தான படமாயிருக்கும்.